மறுபடி குடித்த மருத்துவர்

1935 மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் என்று ஓர் ஊர். நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக அங்கே வந்த பில் வில்சனுக்கு வந்த காரியம் கைகூடவில்லை. அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த ஹோட்டலிலேயே மதுக்கூடம். கால் அந்தப் பக்கம் இழுத்தது. அவர் தொலைபேசியை எடுத்தார். தன்னைப் போலவே குடியோடு போராடுகிறவர் யாராவது ஊரில் உண்டா என்று விசாரித்தார்.

அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித். அறுவை மருத்துவர். கால் மணி நேரம் போதும் என்று வந்தவர், பல மணி நேரம் பேசினார். அறுவை மருத்துவருக்கு மதுவின் கேடு தெரியாதா? புத்தி சொல்ல ஆளுக்கும் பஞ்சமில்லை. பட்டவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசியதுதான் புதிது.

அதோடு பாப் திருந்திவிடவில்லை. ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். பில் அவரைக் கைவிடவில்லை. பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் ஜூன் 10-ஐத்தான் குடியை விட முயல்வோர் ஒருவருக்கொருவர் துணை நிற்க இருவரும் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

மறுபடி குடித்தவரை நாமோ, "இவன் உருப்பட மாட்டான்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அது கொடுமை. போதை அடிமைத்தனம் ஒரு நோய். அது திரும்பி வரலாம், மறுபடி மருத்துவம் பார்க்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பல வருடம் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கு, 14416 என்ற அரசின் இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.