சம்பள பாக்கியும் ஒரு சர்வாதிகாரியும்



எங்கள் சேத்துப்பட்டில் ஒரு பொருள் பழசாகிவிட்டால் ஐதர்மேல்தான் பழி விழும். ஐதர் காலத்துப் பெட்டி, ஐதர் காலத்து சைக்கிள். என் பெரியப்பா குழித்தறியில் உட்கார்ந்து நெய்வார். மிதி சரியாக இறங்கவில்லை என்றால் "இது ஐதர் காலத்துத் தறிடா" என்று அலுத்துக்கொள்வார். தமிழ்நாடு முழுக்க இந்தப் பேச்சு உண்டு. யார் பெரியப்பா அந்த ஐதர் என்று ஒருநாள் கேட்டேன். "யாரு கண்டா, ரொம்பப் பழைய ஆளு" என்றார், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படி ஒன்றும் பழைய ஆள் இல்லை. ஐதர் அலி இறந்தது 1782 டிசம்பரில். அதே வருஷம் ஜூன் 2ஆம் தேதி, பக்கத்து ஆரணியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் என்பவரோடு அவர் போர் செய்தார். ஆரணிக் கோட்டையில்தான் அவர் தன் படைக்கான தளவாடங்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1767இலும் 1780இலும் செங்கம் கணவாய் வழியாக நம் சீமைக்குள் அவர் படை இறங்கியது. அந்தப் போர்களைப் பற்றி நிறையப் பேர் பேசியாகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சிப்பாய் எப்படி ஒரு ராஜ்யத்துக்கே சர்வாதிகாரி ஆனார் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சர்வாதிகாரி என்றதும் ஹிட்லரும் முசோலினியும் நினைவுக்கு வருவார்கள். பழைய மைசூரில் அது வசைச் சொல்லே இல்லை, ஒரு பதவியின் பெயர். படைக்குத் தளவாய், வரவு செலவுக்கும் நிர்வாகத்துக்கும் சர்வாதிகாரி. பழைய ரோமாபுரியிலும் இப்படித்தான், நெருக்கடி நேரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருவரைப் போடுவார்கள். மைசூரில் அந்தக் கெடுவும் கிடையாது. 1740களில் தேவராஜர் என்ற அண்ணன் தளவாய், நஞ்சராஜர் என்ற தம்பி சர்வாதிகாரி. சிம்மாசனத்தில் கிருஷ்ணராஜ உடையார் இருந்தார். இருந்தார் என்று சொல்லலாம், ஆண்டார் என்று சொல்ல முடியாது. ஆக, ராஜாவை ஓரமாக உட்கார வைக்கும் வித்தையை ஐதர் கண்டுபிடிக்கவில்லை. அது அவர் வருவதற்கு முன்பே அங்கே நடைமுறையில் இருந்தது.

ஐதர் 1720ஐ ஒட்டி, கோலார் பக்கத்துப் பூதிக்கோட்டையில் பிறந்தார். அப்பா ஃபத்தே முகமது பல இடங்களில் சேவகம் பார்த்த படைவீரர், நம் ஆற்காட்டு நவாப்பிடமும் இருந்தவர். பையன் சின்ன வயதாக இருக்கும்போதே அப்பா போரில் செத்துப் போனார். தொட்டபள்ளாபுரத்து ஜாகீர்தார் அப்பாஸ் குலி கான், உங்கள் அப்பா பாக்கி வைத்திருக்கிறார் என்று சொல்லி அந்தக் குடும்பத்தை உருவினார். ஐதரையும் அண்ணன் ஷாபாஸையும் பெரிய முரசுக்குள் உட்கார வைத்து, மேலே தோலை இறுக்கிக் கட்டிக் கொட்டினார்கள் என்பது கதை. உள்ளே இருட்டு, வெளியே கொட்டு. பாக்கி என்ற சொல்லை அந்தப் பையன் முதலில் கேட்டது அங்கேதான் இருக்கும்.

மைசூர்த் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஓர் உறவினர் முயற்சியில் பிள்ளைகள் தப்பினார்கள். அண்ணன் படையில் சேர்ந்தார். தம்பி இருபத்தைந்து வயது தாண்டியும் வேட்டை, ஊர் சுற்றல் என்றே திரிந்தார். 1749இல் தேவனஹள்ளி முற்றுகைக்குச் சும்மா அண்ணனோடு போனவர், அங்கே காட்டிய துணிச்சலில் நஞ்சராஜர் கண்ணில் பட்டார். ஐம்பது குதிரையும் இருநூறு காலாளும் கைக்கு வந்தன.

அடுத்தது நமக்கு வேண்டிய இடம். சேத்துப்பட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் செஞ்சி. 1750 டிசம்பரில் அந்தப் பக்கத்தில்தான் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் பாளையம் இறங்கியிருந்தார். விடியற்காலையில் பிரெஞ்சுப் படை தாக்கியது, அவருடைய ஆட்களில் ஒருவரான கடப்பை நவாபே அவரைச் சுட்டுக் கொன்றார். மைசூர் அனுப்பிய துணைப்படையில் ஐதரும் அங்கே இருந்தார். எல்லோரும் தலை தெறிக்க ஓடும்போது இவர் ஆட்கள் நிஜாமின் கஜானா ஒட்டகங்களில் சிலவற்றை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேலே தங்கக் காசுப் பெட்டி. அந்தப் பணத்தில் அவர் மாளிகை கட்டவில்லை, ஆள் சேர்த்தார்.

அதற்குப் பிறகு திருச்சி. ஆற்காட்டு நவாப் முகமது அலி திருச்சியைத் தருவதாகச் சொல்லி உதவி கேட்டு, பிறகு கையை விரித்துவிட்டார். நஞ்சராஜர் அந்தக் கோட்டை முன் வருஷக்கணக்காக உட்கார்ந்து மைசூர்க் கஜானாவைக் காலி செய்தார். ஐதரோ அதே போரில் லாபம் பார்த்தார். கொள்ளைக்கென்றே தனி ஆட்கள் வைத்துக்கொண்டார், வந்ததில் பாதி அவர்களுக்கு, பாதி இவருக்கு. கணக்கெழுதக் கண்டே ராவ் என்ற பிராமணர். எழுத்து அவருடையது, ஞாபகம் ஐதருடையது. எவ்வளவு பெரிய கணக்கும் மனதில் நிற்குமாம்.

1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தார், அதாவது படை அதிகாரி, ஆனார். அங்கே நடந்த ஒன்றை மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தம் மைசூர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஜெயித்த கட்சிக்காரர் எழுதியது, கொஞ்சம் கழித்துத்தான் கேட்க வேண்டும். காயம் பட்ட சிப்பாய்க்குத் தனிப் பணம் உண்டு. ஒரு சண்டையில் உண்மையில் காயம் பட்டவர்கள் 67 பேர். கணக்குப் பார்க்க அதிகாரி வந்தபோது 700 பேர் கையிலும் காலிலும் மஞ்சளில் நனைத்த துணிக்கட்டோடு படுத்திருந்தார்கள். வந்தவர் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை. படையை எண்ணும் நாளிலும் அதே கதை. எண்ணி முடித்த ஆட்கள் பின்பக்கமாகச் சுற்றி வந்து மறுபடி வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். 10,000 பேர் 18,000 ஆனார்கள். தறிக்காரர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் சிரிப்பார். கூலிக் கணக்கு நோட்டில் ஒரு சேலையை இரண்டு தடவை எழுதும் சமாச்சாரம் அவருக்குப் புதிதில்லை.

இப்படிச் சேர்ந்த பணம் ஐதர் கையில் இருக்க, தலைநகரில் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. திருச்சியில் விட்டது போக மீதியை 1757இல் படையெடுத்து வந்த மராட்டியப் பேஷ்வாவுக்குக் கப்பமாகக் கட்டியாகிவிட்டது. மறுவருஷம் சிப்பாய்கள் நஞ்சராஜர் வீட்டு வாசலில் தர்ணா உட்கார்ந்தார்கள். உள்ளே தண்ணீர்கூடப் போகவிடவில்லை. திண்டுக்கல்லிலிருந்து ஐதர் வந்தார். அரண்மனைச் சொத்தை விற்றும் கணக்கைச் சரிபார்த்தும் பாக்கியைத் தீர்த்தார். பொய்க் கணக்கில் பழுத்தவருக்குப் பிறர் பொய்க் கணக்கு தெரியாதா? ஆரவாரம் அடங்கியதும் கலகத் தலைவர்களைப் பிடித்துக்கொண்டார். பெங்களூர் ஜாகீராகக் கிடைத்தது.

கொஞ்ச நாளில் மறுபடி பாக்கி. இம்முறை சிப்பாய்கள் ஐதரைக் கேட்டார்கள். நான் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இல்லையே, நஞ்சராஜரைக் கேளுங்கள் என்றார். அப்படியானால் நீங்களும் எங்களோடு வந்து உட்காருங்கள் என்றார்கள். வேண்டா வெறுப்பாகப் போவதுபோல் போய் உட்கார்ந்தார். ராணியோடும் கண்டே ராவோடும் முன்பே பேசி முடித்திருந்த நாடகம் அது. நஞ்சராஜர் கதவைத் திறந்தால் எதிரே, தான் ஆளாக்கிய ஆள். வில்க்ஸ் எழுதியதில் எனக்கு மறக்காத காட்சி இதுதான். நஞ்சராஜர் சண்டை போடவில்லை, பதவியை விட்டு ஒதுங்கிவிட்டார். சம்பளம் கொடுக்கும் பொறுப்பை ஐதர் ஏற்றுக்கொண்டார். அதற்கு ஈடாக ராஜ்யத்தில் ஏறக்குறைய பாதியின் வருமானம் அவருக்கு.

கண்டே ராவ் அதே பாடத்தைப் படித்தவர் ஆயிற்றே. 1760 ஆகஸ்டில் ஐதரின் நல்ல படையெல்லாம் பிரெஞ்சுக்காரருக்கு உதவ நம் ஆற்காட்டுச் சீமையில் இருந்தது. நேரம் பார்த்துக் கண்டே ராவ் தலைநகர்க் கோட்டைக் கதவைச் சாத்தி, வெளியே தங்கியிருந்த ஐதர்மேல் பீரங்கியைத் திருப்பினார். மனைவி மக்களை விட்டுவிட்டு, சில குதிரைக்காரரோடு அன்றிரவே காவிரியைக் கடந்து ஐதர் ஓடினார். சிறுவன் திப்பு எதிரி கையில். பெங்களூரில் வட்டிக்கடைக்காரரிடம் கடன் வாங்கிப் படை திரட்டி, தோற்றார்.

அப்போது அவர் செய்ததை வேறு யாரும் செய்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். நேரே நஞ்சராஜர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தார். அவரும் மன்னித்தார்! பிறகு நஞ்சராஜர் பெயரில் கடிதங்கள் தயாராயின. கண்டே ராவின் தளபதிகளுக்கு, ஒப்புக்கொண்டபடி அவரைப் பிடித்துக் கொடுங்கள் என்று. கடிதம் வேண்டுமென்றே கண்டே ராவ் கைக்குப் போகும்படி செய்தார்கள். அவர் மிரண்டு, ஒரு சண்டையும் போடாமல் படையை விட்டு ஓடினார்.

1761இல் ராஜ்யம் ஐதர் கைக்கு வந்தது. ராஜாவுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம், நஞ்சராஜருக்கு ஒரு லட்சம், மற்றதெல்லாம் இவர் பொறுப்பு. கண்டே ராவைக் கொல்ல வேண்டாம் என்று அரண்மனையிலிருந்து கெஞ்சினார்கள். கொல்லாதது மட்டுமில்லை, கிளி மாதிரி வளர்ப்பேன் என்றார் ஐதர். சொன்ன சொல் தவறவில்லை. இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் போட்டு வைத்தார்.

ராஜா சிம்மாசனத்திலேயே இருந்தார். தசரா வந்தால் ஜனங்களுக்குக் காட்டுவார்கள். ஐதர் கடைசிவரை தன்னை ராஜா என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த முரசுக்கார அப்பாஸ் குலி கான் என்ன ஆனார்? தொட்டபள்ளாபுரம் ஐதர் கையில் விழுந்ததும் சென்னைக்கு ஓடிவந்து ஆங்கிலேயரிடம் ஒண்டிக்கொண்டார். 1769இல் ஐதரின் குதிரைப்படை சென்னை வாசலுக்கே வந்தது. இவர் கிடைத்த ஓட்டைக் கப்பலில் ஏறிக்கொண்டு, ஐதர் மலையேறிப் போனார் என்ற சேதி வரும்வரை கரையில் கால் வைக்கவில்லையாம்.

ஐதர் சித்தூர் பக்கத்து நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில் முதுகில் ராஜபிளவை வந்து 1782 டிசம்பர் 7ஆம் தேதி இறந்தார். திப்பு அப்போது மலபாரில் இருந்தார். சேதி வெளியே தெரிந்தால் படை என்ன செய்யும் என்று கூட இருந்தவர்களுக்குத் தெரியும். உடலை வாசனைத் திரவியங்களோடு ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்து, கஜானாப் பணம் போவதுபோல் காவலோடு ராத்திரியில் கோலாருக்கு அனுப்பினார்கள். வழியில் பார்த்த சிப்பாய்கள் காசுப் பெட்டி போகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.