இறுகிய பிஸ்ரனை இளக்குதல்

(எமது சங்க இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



நவராத்திரியின் நிறைவில் நாம் கருவிகளுக்கும் வாகனங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகின்றோம். நல்ல வழக்கந்தான். ஆயினும் ஒருநாட் பொட்டிட்டு ஆண்டு முழுவதும் மூலையிற் கிடக்கவிடுவது பூசையாகாது. இயந்திரத்துக்குப் பொட்டும் வேண்டும்; எண்ணெயும் வேண்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீடுகளின் படிக்கட்டின் கீழே சாக்கு மூடிய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கின்றது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் கடல் கடந்த மகனுடையது ஒன்று. காலஞ்சென்ற தந்தையாருடையது ஒன்று. 2022இல் பெற்றோல் வரிசைக்கு அஞ்சி நிறுத்தப்பெற்றது இன்னொன்று. அவ்வாண்டு யூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே கிடைத்ததை நாம் மறக்கவில்லை. 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதியும் தடைப்பட்டிருந்தது. புதியது வாங்க வசதியில்லாத இளைஞனுக்கு, மூலையில் நிற்கும் அப்பழைய வண்டியே தொழிலுக்கு வழியாகலாம். அதனைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுப்பதா, மீட்டெடுப்பதா என்பதே கேள்வி.

முதலில் நோயை அறிவோம். பிஸ்ரன் அலுமினியம், அதனைச் சூழ்ந்த றிங்குகளும் சிலிண்டரின் உட்சுவரும் பெரும்பாலும் இரும்பு. பிஸ்ரனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கேயாகும். ஓடாது நிற்கும் எஞ்சினில் எண்ணெய்ப் படலம் வழிந்துவிடும். வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் சைலன்சர் வழியே ஈரக்காற்று உட்புகும். கடலோரமாய் ரயில் ஓடும் வெள்ளவத்தையில் அக்காற்றோடு உப்பும் வரும். கறள், தான் தின்ற இரும்பிலும் பருத்த பொருள். ஆகவே அச்சிறு இடைவெளியை நிரப்பி றிங்குகளைச் சுவரோடு பிணைத்துவிடுகின்றது. எண்ணெயின்றி ஓடிச் சூடேறி இறுகுவது வேறு நோய். அங்கே அலுமினியமே உருகிச் சுவரில் அப்பிக்கொள்ளும். அதற்கு ஊறவைத்தல் மட்டும் போதாது.

கிக்கர் இறங்கவில்லையென்றதும் பிஸ்ரன்மீது பழிபோடலாகாது. கியரை நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். கிளச், செயின், கிக்கரின் பல் இவையும் இறுகியிருக்கலாம். இவை நன்றாயிருப்பின், பிளக்கைக் கழற்றி ரோர்ச் லைற்றினால் உள்ளே நோக்குக. ஒயிலையும் பார்க்க வேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது.

இனி மருந்து. மண்ணெண்ணெயும் கியர் ஒயிலும் கலந்து, பிஸ்ரனின் தலை மூழ்குமளவு பிளக் துவாரத்தால் ஊற்றுக. பின்னர் பொறுத்திருக்க வேண்டும். மூன்று நாளாகலாம், மூன்று வாரமுமாகலாம். அளவு குறையக் குறைய நிரப்பிவருக. மட்டம் தாழ்வது நல்ல அறிகுறி. எண்ணெய் றிங்குகளைக் கடந்து இறங்குகின்றதென்று அறியலாம். இடையிடையே கொதிநீரில் நனைத்த துணியைச் சிலிண்டரின் வெளிப்புறத்திற் சுற்றலாம். அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரிவது. சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் பிணைப்புச் சிறிது நெகிழும். ஆனால் நெருப்பை அண்டவிடலாகாது, ஊற்றியது எரிபொருள்.

பின்பு மேல் கியரில் இட்டு, பிளக்கைப் பூட்டாமலே, பின்சில்லை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். நூலளவு அசைந்தால் வெற்றி பாதி. உடனே ஒரு முழுச்சுற்றுக்கு ஆசைப்படலாகாது. வந்த வழியே திருப்பி, மீண்டும் எண்ணெயிட்டு, மீண்டும் அசைக்க வேண்டும். நெடுநாள் நின்ற தேரை வடம் பிடிப்பவர்கள் முதலிற் சிறிது அசைத்து இளக்கிய பின்னன்றோ இழுக்கின்றார்கள்!

செய்யத்தகாதன மூன்று. கிக்கரில் ஏறி மிதிக்கலாகாது, பல் முறியும். வண்டியைக் கட்டி இழுத்துக் கிளச்சை விடலாகாது, கொன்ரொட் வளையும். பிளக் துவாரத்தால் இரும்புக் கம்பி விட்டு அடிக்கலாகாது. பிஸ்ரனில் ஓட்டை விழும். எதற்கும் அசையாவிடின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, பிஸ்ரனுக்கு மேலேயுள்ள கறளை நுண்ணிய எமரித்தாளால் நீக்கி, வாய்க்கு அளவான மரக்குற்றியை வைத்து மெல்லத் தட்ட வேண்டும். பழைய ஆங்கில இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் இரு பிஸ்ரன்களும் ஒருமிக்க ஏறியிறங்கும். ஒன்று இளகி மற்றது இறுகியிருக்கையில் வலிந்து திருப்பினால் இரண்டுக்கும் கேடு.

இளகிவிட்டதென்று உடனே ஸ்ராட் செய்தல் தவறு. மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்திருக்கும். அதனை வடித்துப் புதிது இடுக. பின்னர் சிலிண்டரைக் கழற்றிச் சுவரையும் றிங்குகளையும் பார்க்க வேண்டும். ஆழமாகக் கறள் அரித்திருந்தால் லேத் பட்டறையில் வாய் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்ரன் இட வேண்டும். பழைய உதிரிப்பாகங்களைப் பஞ்சிகாவத்தையில் தேடலாம்.

வருமுன் காப்பது இதனினும் எளிது. நெடுநாள் நிறுத்துவதாயின் பிளக் துவாரத்தில் ஒரு கரண்டி ஒயில் விட்டு, இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்ரனை மேலே நிறுத்தி, சைலன்சர் வாயைத் துணியால் அடைத்துவிட வேண்டும்.

பெரியோர்களே, சாக்கின் கீழிருக்கும் வண்டி உங்களுக்கு ஒருவரின் நினைவு என்பதை நாம் அறிவோம். மூடிவைப்பதால் நினைவு காக்கப்படுவதில்லை, கறளே வளர்கின்றது. அதன் சாவியைப் பொறுமையுள்ள ஓர் இளைஞனிடம் கொடுங்கள். இளைஞர்களே, அப்படிக் கிடைத்ததைச் சுத்தியலோடு அணுகாதீர்கள். பெரியவர் விலைமதியாது வைத்திருந்த பொருள் அது. அவரையும் அருகில் இருத்தி, அந்த வண்டியின் கதையைக் கேட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். எண்ணெய் ஊறும்வரை பேசுவதற்கு நேரம் நிறைய உண்டு.