காஞ்சியில் காலி மனையும் ஆறு மாடியும்



காஞ்சிபுரத்தின் பழைய தெருக்களில் நடப்பவர் கண்ணில் இரண்டு காட்சிகள் அடிக்கடி படும். ஓடு சரிந்து, சுவர் விழுந்து, முள்செடி மண்டிய மனை ஒன்று. சற்றுத் தள்ளி, நீலக் கண்ணாடி முகப்போடு நாலைந்து மாடிக்கு எழும்பிய ஒரு லாட்ஜோ ஜவுளிக்கடையோ இன்னொன்று. அழகென்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும், "சும்மா குப்பை மேடாகக் கிடப்பதற்கு ஏதோ ஒன்று கட்டட்டுமே" என்ற பேச்சு டீக்கடையிலும் உண்டு, மாநகராட்சி அலுவலகத்திலும் உண்டு.

அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. கவனிப்பாரில்லாத மனையில் கொசுவும் பன்றியும் பெருகும். எதிர்க் கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிடும். 2021இல் நகராட்சியிலிருந்து மாநகராட்சியாக உயர்ந்த ஊர், வரி வருமானத்தையும் பார்த்தாக வேண்டும். 2022இல் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது காலிமனை வரியை நூறு சதவீதம் கூட்டியது. மனையைச் சும்மா போட்டு வைக்காதே என்பதுதான் அதன் உட்பொருள்.

ஆனால் மனைகள் ஏன் சும்மா கிடக்கின்றன? சோம்பலால் அல்ல. நெசவாளர் வீடு அகலம் குறைந்து நீளம் கூடியது. அதைப் பிள்ளைகள் நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நடை அகலம்தான் மிஞ்சும். பாகப்பிரிவினை வழக்கு முடிவதற்குள் உத்திரம் விழுந்துவிடுகிறது. சில மனைகள் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி, அவற்றை விற்கவும் ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் ஆணையரின் அனுமதி வேண்டும். இன்னும் சில மனைகள் தொல்லியல் துறையின் எல்லைக்குள் வருகின்றன. 2010இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்தைத் தடை செய்கிறது; அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. காஞ்சியில் கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் மட்டுமல்ல, மாதங்கேஸ்வரர், முக்தேஸ்வரர் என்று பல்லவர் காலச் சிறு கோயில்களும் ஊருக்குள் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் நடுவில் வைத்து வட்டம் போட்டால் ஊரில் எவ்வளவு மிஞ்சும் என்பதை நேயர்கள் ஊகிக்கலாம்.

இனி உயரத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயர்மாடிக் கட்டடம். ஏகாம்பரநாதர் கோயிலில் கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ராஜகோபுரம் இதைப் போல மூன்று மடங்கு உயரம். கோபுரத்தைவிட உயரமாக யாரும் கட்டிவிடப் போவதில்லை. ஆபத்து அங்கே இல்லை. ஐந்து மாடி, ஆறு மாடி என்ற இடைப்பட்ட உயரம்தான் சங்கடம். சட்டப்படி அது உயர்மாடியே அல்ல. ஆனால் தெருவில் நிற்பவர் கோபுரத்தைப் பார்க்க முடியாமல் மறைப்பதற்கு அது தாராளமாகப் போதும். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று அரசாணையே உண்டு. அப்படியிருந்தும் அங்கே லாட்ஜுகள் எழும்பின. விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது.

லாட்ஜ் கட்டுகிறவர்கள் சொல்லும் காரணம் யாத்ரிகர் கூட்டம். 2019இல் குளத்திலிருந்து வெளியே வந்த அத்திவரதரைத் தரிசிக்க ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்பது உண்மைதான். அன்றைக்கு அறை கிடைக்காமல் திண்டாடியவர்கள் ஏராளம். ஆனால் அனந்தசரஸ் குளத்துக்குள் சென்ற வரதர் அடுத்து வெளியே வருவது 2059இல். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டத்துக்காக மாடி எழுப்பினால், நடுவில் உள்ள முப்பத்தொன்பது ஆண்டும் பாதி அறை பூட்டித்தான் கிடக்கும். அந்த விழாவின்போது ஊருக்குக் கைகொடுத்தவையே திறந்த மைதானங்களில் அமைத்த தற்காலிகப் பேருந்து நிலையங்களும் வாகன நிறுத்தங்களும்தான்!

எல்லாவற்றுக்கும் மேல் இது தறி ஊர். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டு, தரையோடு ஒட்டிய தொழில். குழித்தறியில் நெசவாளர் தரைக்குள் தோண்டிய குழியில் காலை விட்டு மிதியை மிதிக்கிறார். தலைக்கு மேல், பூவேலை நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டி உட்கார வேண்டும். கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள ஒரு துணை ஆள் வேண்டும். நீளவாட்டு இழையான பாவு தயாராகும் நாளில் வீடே போதாது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழையை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் இழை பிரித்துச் சுருட்டியாக வேண்டும். பிள்ளையார்பாளையம் பக்கத்துத் தெருக்களுக்கு இது அன்றாடக் காட்சி. வரைபடத்தில் வெறும் இடம் என்று காட்டப்படுவது, அங்கே தொழிற்கூடத்தின் ஒரு பகுதி.

மூன்றாம் மாடியில் குழி தோண்ட முடியுமா? வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டியது; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற நோக்கத்தில் குறையில்லை. ஆனாலும் அங்கே குடிபோகப் பலர் தயங்கினார்கள். வேலை இருக்கும் இடத்தை விட்டு விலகிய வீடு எத்தனை புதிதாக இருந்தாலும், தினக்கூலிக்காரர் கணக்கில் அது நஷ்டம்தான்.

மட்டமான கட்டடம் என்றால் அழகில்லாதது மட்டும்தானா? காஞ்சிபுரம் மாவட்டம் மவுலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எந்த மனையைச் சும்மா விடக் கூடாது என்று கட்டினார்களோ, அது கடைசியில் வெற்று மனையாகவே ஆனது.

நூறாண்டுக்கு முன்பே இந்த ஊரைப் பார்த்து வியந்தவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ், சென்னை மாகாணத்து ஊர்களைப் பற்றி 1915இல் அறிக்கை எழுதியவர். கோயிலும் தேர்வீதியும் தோட்டமும் குளமும் சேர்ந்த காஞ்சியின் அமைப்பை அவர் உயர்வாகப் பேசினார். அவர் வழி எளிது: ஒட்டுமொத்தமாக இடித்துத் தள்ளாதே, விழுந்த வீட்டு மனையை மரம், கிணறு, பிள்ளைகள் விளையாட இடம் என்று மாற்று, நிற்கும் வீட்டைப் பழுது பார். தஞ்சைக்கும் அவர் அப்படித்தான் யோசனை சொன்னார்.

ஏட்டுச் சுரைக்காய் என்று அதைத் தள்ளிவிட முடியாது. புதுச்சேரியில் தமிழர் வாழும் பகுதியான வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாகப் பழைய வீட்டு முகப்புகளை மீட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. சிங்கப்பூரில் 1989இல் லிட்டில் இந்தியாவின் இரண்டு மாடிக் கடைவீடுகள் பாதுகாக்கப்பட்ட பகுதியாயின. வானளாவிய கட்டடங்களுக்குப் பேர்போன நாடு அது! காஞ்சியும் 2015இல் மரபு நகரங்களை மேம்படுத்தும் மத்திய அரசின் ஹிருதய் திட்டத்துக்குத் தேர்வான 12 நகரங்களில் ஒன்று. அந்தத் திட்டம் 2019இல் முடிந்துவிட்டது. தெருவுக்குள் இருக்கும் தனியார் மனைகளின் சிக்கல் அப்படியே நிற்கிறது.

ஆக, எது மேல்? தரையோடு சேர்த்து மூன்று தளம், கீழே கடையோ தறியோ என்று சாதாரணமாக ஒரு வீடு எழும்பினால், அழகு குறைந்தாலும் குப்பை மேட்டைவிட அது நூறு மடங்கு மேல். கண்ணாடி ஒட்டிய ஆறு மாடியைவிடக் காலி மனையே மேல். மனை பத்து வருஷம் காத்திருக்கும். தவறாகக் கட்டியதை ஐம்பது வருஷத்துக்கு யாரும் இடிக்க மாட்டார்கள்.

காத்திருக்கும் அந்தப் பத்து வருஷத்தில் மனையைச் சுத்தமாக வைத்து, பாவு போடவும் வண்டி நிறுத்தவும் தெருக்காரர்களுக்கு விடுகிற உரிமையாளருக்கு மாநகராட்சி காலிமனை வரியில் சலுகை தரலாம். கட்ட முன்வருகிறவரிடம், தரைத்தளத்தில் தறிக்கு இடம் உண்டா என்று வரைபடத்தைப் பார்த்துக் கேட்கலாம். காஞ்சி நேயர்கள் இந்த இரண்டையும் தங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும்.