தோற்ற வழக்கு

பட்டம் பெறும் பிள்ளைகளே, பெற்றோர்களே,

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் மெஷின் சத்தத்திலேயே பாடம் படித்தவர்கள் உங்களில் பலர். உங்கள் படிப்போடு சம்பந்தப்பட்ட ஒரு பக்கத்து ஊர்க்காரரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பூ. ச. குமாரசுவாமி ராஜா 1898இல் ராஜபாளையத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். 1949 ஏப்ரலில் சென்னை மாகாணப் பிரதமரானார். மறு ஆண்டு குடியரசு பிறந்தபோது அவரே முதலமைச்சர். ஆனால், மாலை போடத்தக்க ஆட்சி மட்டும் அல்ல அது. குடியரசாகி மூன்று வாரம்கூட முடியாத நிலையில், சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கறை அவர் அரசின் கணக்கில்தான் இருக்கிறது.

அதே அரசுதான், கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை போனது. அதுதான் செண்பகம் துரைராஜன் வழக்கு. 1951 ஏப்ரலில் அரசு தோற்றது. தமிழ்நாடு கொதித்தது. இரண்டே மாதத்தில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, இட ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. இட ஒதுக்கீட்டில் படித்து இன்று அங்கியோடு அமர்ந்திருக்கிறவர்கள் அந்த எண்ணை மறக்கக் கூடாது. வெற்றி பெற்ற எத்தனையோ வழக்குகளைவிடத் தோற்றுப்போன இந்த வழக்கு நமக்கு அதிகம் செய்தது என்பேன்.

முதலமைச்சராக இருந்த அவரையே 1952 தேர்தலில் மக்கள் தோற்கடித்தார்கள். ராஜாஜி பதவிக்கு வந்தார். மாநிலச் சீரமைப்பு ஆணையத்துக்குத் தலைமை தாங்கப் போன ஃபசல் அலியின் இடத்தில், 1954இல் ராஜா ஒரிசா கவர்னரானார். தோற்றவருக்கு ஆறுதல் பரிசு என்று யாராவது அன்றைக்கே முணுமுணுத்திருப்பார்கள். நம் அரசியலில் அந்தப் பேச்சு ஓய்ந்ததே இல்லை. ஆனால், உடல்நிலை கெட்டதும் 1956இல் அவராகவே விலகிவிட்டார். 1957 மார்ச்சில் காலமானார். பதவிக்குப் பிந்தைய வாழ்க்கை என்று அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஆறு மாதம்.

மாகாணத்தையே ஆண்டவர், தான் வாழ்ந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். ராஜபாளையத்துக்குத் துணி எடுக்கவோ வேலைக்கோ போகும்போது, ஒரு நாள் அந்த மன்றத்துக்குள்ளும் போய் வாருங்கள். பெற்றோர் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள். பட்டம் வழங்கத் தொடங்கலாம்.