சக்கரத்துக்கு வர்ணம்



கண்டி - மஹியங்கனை வீதியில், நக்கிள்ஸ் மலைச்சாரலில் இருக்கிறது ஹுன்னஸ்கிரிய. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் ஊர். இரும்புக்கு இது ஆகாத இடம். அங்கே ஒரு கராஜில் பழைய ஃபெர்குசன் உழவு இயந்திரம் ஒன்று புதுப்பிக்கப்படுவதைப் பார்த்தேன். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 5 இலட்சத்துக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்ட வகை அது. பிறவி நிறம் சாம்பல். 1958இல் எட்மண்ட் ஹிலரி தென்துருவத்தை அடைந்ததும் இவ்வகை இயந்திரங்களில்தான். வெண்பனியில் தெரிய வேண்டுமென்று அவற்றுக்குச் சிவப்பு பூசினார்கள்.

ஆக, வர்ணம் அழகுக்கு மட்டுமல்ல. சக்கரத்திலோ அது உயிரோடு சம்பந்தப்பட்டது.

பாஸ் முதலில் டயரைக் கழற்றினார். வெளியே பார்வைக்கு நல்ல றிம்; உள்ளே காற்றடைக்கும் துவாரத்தைச் சுற்றித் துரு அரித்திருந்தது. கம்பி பிரஷால் சுரண்டினார். மெலிந்த இடத்தை வெட்டியெடுத்து வெல்டிங் செய்தார். பிறகு ரெட் ஒக்சைட், அது காய்ந்ததும் மெல்லியதாக இரண்டு பூச்சு. நட் அமரும் இடங்களில் மட்டும் வர்ணம் தடிக்க விடவில்லை. ஏனென்று கேட்டேன்.

“தடித்த வர்ணம் நசுங்கும். நசுங்கினால் நட் இளகும், ஐயா.”

ஹுன்னஸ்கிரியவைத் தாண்டினால் வரிசையாகக் கொண்டையூசி வளைவுகள். சுமையேற்றிய ட்ரெயிலரோடு இறங்கும்போது ஒரு நட் இளகினால் என்னாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பழைய இயந்திரம் வாங்கும் நேயர்களே, பளபளப்பைக் கண்டு விலை பேசாதீர்கள். டயருக்குள்ளே றிம் எப்படியிருக்கிறது என்று கேளுங்கள். புதிதாக வர்ணம் பூசிய சக்கரமானால், சிறிது தூரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.