பத்திரிகைப் படிப்பும் நம் வாலிபர்களும்

(பாளையங்கோட்டைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



மாஸ் மீடியா என்றும் விஸ்காம் என்றும் சொல்லப்படுகிற படிப்பைப் படித்து, பத்திரிகை, டெலிவிஷன் உத்தியோகத்துக்குப் போகலாமா வேண்டாமா என்பதைப் பற்றி நம்மைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் இவ்வூரில் வீட்டுக்கு வீடு இந்தத் தர்க்கம்தான். பிள்ளை போவேன் என்கிறான். தகப்பனார் சர்க்கார் உத்தியோகம் என்கிறார். கடைசியில் இருவரும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் போகிறார்கள்! டெலிவிஷன் என்கிற சாமானையே அறியாத காலத்துக் கிரகக் கணக்கில் டெலிவிஷன் உத்தியோகம் எங்கிருந்து வந்து உட்காரும் என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. ஆகவே நாமாவது யோசிப்போம்.

வைத்தியம் செய்யவும் கோர்ட்டில் வாதாடவும் சட்டப்படி பட்டம் வேண்டும். பத்திரிகையில் எழுத நம் நாட்டுச் சட்டம் எந்தப் பட்டத்தையும் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் போய்ப் படிக்காத வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் ஜகன்மோகினியை எடுத்து நடத்தினார். இதைக் காட்டி, "திறமை இருந்தால் போதாதா, பட்டம் எதற்கு?" என்று சிலர் புத்தி சொல்லுகிறார்கள். சொல்லுகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் மாமனோ சித்தப்பனோ ஏற்கனவே ஆபீசுக்குள் உட்கார்ந்திருக்கப் பெற்றவர்கள். 2006-ல் டில்லியில் 37 பத்திரிகை, டெலிவிஷன் ஸ்தாபனங்களில் முடிவு செய்யும் ஸ்தானத்திலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். 100-க்கு 71 பேர் மேல்ஜாதி இந்து ஆண்கள். தாழ்த்தப்பட்டவரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை! திறமை ஜாதி பார்த்தா பிறக்கிறது? தெரிந்த முகத்துக்குக் கதவு திறக்கிறது, அவ்வளவுதான். ஆகவே உள்ளே ஒருவரையும் அறியாத பீடி சுற்றும் தாயின் மகனுக்குப் பட்டம் வேண்டியதே. வாசலில் நிற்பவன் தடுத்தால் எடுத்துக் காட்ட அவனிடம் வேறென்ன இருக்கிறது?

ஆனால் பட்டம் வாங்கினவனுக்கெல்லாம் சோறு நிச்சயம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931-ல் பி.ஏ. தேறிய விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், தினமணியில் வேலை பார்த்தார். 1943-ல் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் விலகியபோது கூட விலகியவர்களில் அவரும் ஒருவர். பிறகு சினிமாவுக்குப் போனார். க்ஷயரோகத்தோடு திரும்பி 1948-ல், 42 வயதில் மாண்டார். இன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். மாலையால் யார் வீட்டு அடுப்பு எரியும்? 1955-ல் பத்திரிகைக்காரர்களுக்கென்று சட்டம் வந்தது. 2011-ல் மஜீதியா சம்பளத் திட்டம் வந்தது, முதலாளிகள் வழக்காடினார்கள், 2014-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. அதற்குப் பிறகும் அந்தச் சம்பளத்துக்காகக் கோர்ட்டுப் படியேற வேண்டியிருந்தது.

எனவே நிலத்தை அடமானம் வைத்து இப்படிப்புக்குப் பணம் கட்டுவதை நாம் ஒப்ப மாட்டோம். விளம்பரத்தில் சிரிக்கும் சினிமாக்காரர் முகத்தை விட்டுவிட்டு, வகுப்பில் எத்தனை பேருக்கு ஒரு கேமரா, போன வருஷம் தேறியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கல்லூரிக்காரரைக் கேளுங்கள். முதல் மூன்று வருஷம் பொருளாதாரமோ சரித்திரமோ படித்துவிட்டு, மேல் படிப்பாக இதைப் படிப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம். கேமரா பிடிக்கச் சீக்கிரம் பழகிவிடலாம். கார்ப்பரேஷன் பட்ஜெட்டில் எந்த வரியில் புரட்டு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வருஷங்கள் ஆகும். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலையிலேயே இதற்கு ஒரு துறை இருக்கிறது. சென்னைக்குப் போனால்தான் படிப்பு வரும் என்பதும், காசிக்குப் போனால்தான் பாவம் போகும் என்பதும் நமக்கு ஒன்றாகவே தோன்றுகிறது.

பணம் கட்டும் முன் செலவில்லாத பரீட்சை ஒன்று உண்டு. திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க வரும் ஜனங்களிடம் போய் உட்காருங்கள். ஒரு கிழவியின் பட்டா விவகாரத்தைக் கேட்டு, அடுத்தவருக்கு விளங்கும்படி ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள். நாலு வாரம் சலிக்காமல் செய்தவன் இத்தொழிலுக்கு ஆவான். டெலிவிஷனில் முகம் தெரிய வேண்டுமென்று மட்டும் ஆசைப்படுகிறவன் இரண்டாவது வாரமே நின்றுவிடுவான்.

அதே கலெக்டர் ஆபீசுக்குத்தான் 1999 ஜூலை 23-ந் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக ஊர்வலம் போனார்கள். போலீசார் தடியடி நடத்தினார்கள். ஜனங்கள் தாமிரபரணிக்குள் ஓடினார்கள். ஒரு கைக்குழந்தை உள்பட 17 பேர் மாண்டார்கள். அதை ஆர். ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று படமாக்கினார். அன்று ஆற்றங்கரையில் ஒரு கேமராவும் இல்லாதிருந்தால், தாங்களாகவே விழுந்து செத்தார்கள் என்ற பேச்சு மாத்திரம் மிஞ்சியிருக்கும். வாலிபர்களே, அப்படிப்பட்ட நாளில் உங்கள் ஆபீசிலிருந்து "போடாதே" என்று போன் வந்தால் என்ன செய்வீர்கள்? படிப்பில் சேருமுன் யோசிக்க வேண்டிய கேள்வி இது. சேர்ந்த பிறகு, வீட்டுக் கடன் தலைமேல் நிற்கும்போது, யோசிக்க விட மாட்டார்கள். கடன் வாங்காதே என்று நாம் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. "ராத்திரி வேலையாயிற்றே, பெண்ணை அனுப்பலாமா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ராத்திரி நர்சுகள் யாருடைய பெண்கள்? உங்கள் தாயாருக்கு மூச்சுத் திணறும்போது அவர்கள் ராத்திரி வெளியே வரலாம். செய்தி எழுத மட்டும் வரக்கூடாதோ? பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பெண்களின் புகாரைக் கேட்க ஒரு கமிட்டி இருக்க வேண்டுமென்று 2013-ல் சட்டம் வந்திருக்கிறது. வேலைக்குச் சேரும் அன்றே, கமிட்டியில் யார் யார், ராத்திரி வீட்டுக்கு வண்டி உண்டா, சம்பளம் எந்தத் தேதி என்று அந்தப் பெண்ணே கேட்கட்டும். தகப்பனார் வெளியே உட்கார்ந்திருந்தால் போதும்.