இத்தாலிய மொழியின் அசையும் அழுத்தமும்

இத்தாலிய மொழியைக் கற்கத் தொடங்கும் பிறநாட்டு மாணவன் முதல் வாரத்தில் பெருமகிழ்ச்சி எய்துகிறான். எழுதியவாறே பெரும்பாலும் படித்துவிடலாம். ஏறக்குறைய எல்லாச் சொற்களும் உயிரொலியில் முடிந்து செவிக்கு இன்பம் பயக்கின்றன. இடர் தோன்றுவது அதன் பின்னரே.

'அங்கோரா' என்றொரு சொல்லை அவன் ஏட்டிலே காண்கிறான். முதலசையை அழுத்திச் சொன்னால் அது நங்கூரம். நடுவசையை அழுத்தினால் 'இன்னும்' என்பது பொருள். 'பிரின்சிப்பி' என்பதும் அத்தகையதே. முதலசை ஓங்கினால் அரசிளங்குமரர். நடுவசை ஓங்கினால் கொள்கைகள். எழுத்தோ இரண்டுக்கும் ஒன்றே. நா சற்றே பிறழ்ந்தால் குமரர் கொள்கைகளாகிவிடுவர்!

இதற்கு வழி யாது? முதலில் அசை பிரிக்க அறிதல் வேண்டும். இரண்டு உயிர்களுக்கிடையே தனி மெய் நின்றால் அது பின்வரும் உயிரைச் சேரும். வீடு எனப் பொருள்படும் 'காசா', கா-சா எனப் பிரியும். மெய் இரட்டித்தால் ஒன்று முன்னசையிலும் மற்றொன்று பின்னசையிலும் அமையும். நோ-னோ என்றால் ஒன்பதாவது. நொன்-னோ என்றால் பாட்டன். தமிழ்ச் செவிக்கு இவ்வேறுபாடு எளிது. ஆனால், 'பாஸ்தா' என்பதைப் 'பாஸ்-தா' எனப் பிரித்தல் அம்மொழி மரபன்று. 'பா-ஸ்தா' என்பதே முறை.

அடுத்தது அழுத்தம். பெரும்பாலான சொற்களில் அது ஈற்றயலசையில் விழும். பல அசைகள் கொண்ட சொல்லில் ஈற்றசை அழுத்தம் பெறின் மாத்திரமே எழுத்தின்மேல் குறியிடுதல் கட்டாயம். நகரத்தைக் குறிக்கும் 'சித்தா' அவ்வகையினது. இதன் முன்னை வடிவம் 'சித்தாதே'. ஈற்றசை தேய்ந்தொழிந்தது, அழுத்தமோ தன் இடத்தை விட்டு நகரவில்லை.

விகுதி சேரும்போது மட்டும் அது இடம் பெயரும். புத்தகம் 'லீப்ரோ'. சிறு நூல் 'லிப்ரெத்தோ'. பெரு நூல் 'லிப்ரோனே'. இழிந்த நூல் 'லிப்ராச்சோ'. நூல் விற்பவர் 'லிப்ராயோ'. பகுதியிலிருந்த அழுத்தம் இந்நான்கிலும் விகுதிக்குச் சென்றுவிடுகிறது. ஈற்றயலசை என்னும் நெறியோ மாறவில்லை. இரு சொல் இணைந்தும் புதுச்சொல் பிறக்கும். நாம் வானவில் என்பதை அவர்கள் 'ஆர்கோபலேனோ', அதாவது மின்னல்வில், என்பர்.

இத்தாலிய எழுத்து ஒகரத்தின் குறுமை நெடுமையைக் காட்டுவதில்லை. தமிழிலே கொ, கோ என்பவற்றை வரிவடிவால் வேறுபடுத்தியவர் எனப் போற்றப்படும் வீரமாமுனிவர், 1680ஆம் ஆண்டில் வட இத்தாலியிலுள்ள காஸ்திலியோனேயில் பிறந்தவர். எழுத்துச் சொல்லாது விட்டதைச் செவியால் அறியவேண்டிய மொழி அவர் தாய்மொழி. அம்மொழியைப் பயில விரும்புவோர் ஏட்டைத் திறக்குமுன் அதனைப் பேசுவோரின் குரலைக் கேட்டுப் பழகுதல் நன்று.